இலவச ஒளிபரப்பின் பதிவுக்குப் பூட்டு எதற்கு? தொலைக்காட்சிப் பெட்டித் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தொலைக்காட்சிப் பெட்டிகளைத் தயாரிக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஒளிபரப்பு அலையைப் பெறும் ட்யூனர் உள்ளமைந்த உங்கள் பெட்டியில் ஒரு ஹார்ட் டிஸ்கைச் செருகி, ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியைப் பதிவு செய்யும் வசதி எப்படி இயங்குகிறது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்களில் பலருடைய பெட்டிகளில், பதிவாகும் கோப்பு அந்த ஒரு பெட்டிக்கே உரிய மின்னணுச் சாவியால் பூட்டப்படுகிறது. வேறு எந்தக் கருவியிலும் அது திறக்காது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் நீங்கள். அந்த முடிவு எங்கள் வீட்டில் என்ன செய்தது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற என் அம்மா, சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இலவச சேனலின் நேரலைக் கலந்துரையாடலில் 40 நிமிடம் பேசினார். வீட்டுப் பெட்டியிலேயே அதைப் பதிவு செய்து வைத்தோம். பின்னர் பக்கவாதம் வந்து அவருடைய பேச்சு போயிற்று. பேச்சுப் பயிற்சி அளிக்க வந்தவர், அம்மாவின் பழைய குரல் எங்காவது பதிவாகி இருக்கிறதா என்று கேட்டபோது எங்களிடம் இருந்தது அந்த 40 நிமிடம் மட்டுமே. அன்றிலிருந்து நாள்தோறும் காலையில் அம்மாவைப் பெட்டிக்கு எதிரில் அமர்த்தி, ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்தி ஓட்டுவோம். திரையில் தாம் பேசுவதைப் பார்த்து, அதே சொல்லுக்கு அவர் வாயசைப்பார். “காய்ச்சல் என்றதும் பதறாதீர்கள்” என்று அதில் ஓரிடத்தில் சொல்கிறார். அதன் முதல் சொல்லை அவர் முழுதாக உச்சரிக்க ஏழு மாதம் பிடித்தது.

எட்டாம் மாதம் பெட்டியின் மெயின் போர்டு பழுதானது. வந்த தொழில்நுட்பர் அரை மணி நேரத்தில் புதிய போர்டைப் பொருத்தி, பழையதை எடுத்துக்கொண்டு போனார். ஹார்ட் டிஸ்கைச் செருகியதும், அதைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மட் செய்ய வேண்டும், அதாவது அதில் உள்ளதை எல்லாம் அழிக்க வேண்டும் என்று திரையில் வந்தது. சாவி பழைய போர்டோடு போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சேவை மையத்தில் சொன்னார்கள். இத்தனைக்கும் டிஸ்கில் எந்தப் பழுதும் இல்லை. லினக்ஸ் கணினியில் இணைத்துப் பார்த்தேன். கோப்பு இருக்கிறது, 2.4 ஜிபி அளவும் குறையாமல் இருக்கிறது, ஆனால் ஒரு நொடிகூட ஓடவில்லை. அம்மா இன்றும் காலையில் பெட்டியைக் காட்டிக் கையசைக்கிறார். போர்டு, சாவி என்றெல்லாம் அவருக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு, கணினியில் செருகும் சிறிய யூஎஸ்பி ட்யூனர் ஒன்றை வாங்கி, அதே ஆன்டெனா கம்பியை அதில் இணைத்து, அதே சேனலைப் பதிவு செய்து பார்த்தேன். ஒளிபரப்பில் வரும் 188 பைட் தரவுப் பொட்டலங்கள் வந்தபடியே, டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் எனப்படும் ஒளிபரப்பு வடிவக் கோப்பாகச் சேமிக்கப்பட்டன. அந்தக் கோப்பு என் கணினியில் ஓடுகிறது, தம்பியின் கைபேசியில் ஓடுகிறது, பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால் பக்கத்து வீட்டுப் பெட்டியிலும் ஓடுகிறது. நிலையம் அந்த நிகழ்ச்சியைப் பூட்டி அனுப்பவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. திறந்து வந்ததை எங்கள் வீட்டுக்குள் வைத்துப் பூட்டியது உங்கள் பெட்டி. ஆகவே என் கோரிக்கை ஒன்றே: மறையாக்கம் என்னும் இந்தப் பூட்டு இல்லாமல் ஒளிபரப்பாகும் சேனல்களின் பதிவை மறையாக்கம் இல்லாமலே சேமியுங்கள்.

பதிப்புரிமையைக் காரணம் காட்டுவீர்கள் என்பதை அறிவேன். கட்டணச் சேனல்களைப் பற்றி நான் பேசவில்லை. அவற்றுக்கு உரிய கட்டுப்பாடுகள் இருக்கட்டும். வீடியோ கேசட் காலத்திலேயே இது குறித்து வழக்கு நடந்து, பிறகு பார்ப்பதற்காக ஒருவர் தம் வீட்டில் நிகழ்ச்சியைப் பதிவு செய்துகொள்வது நியாயமான பயன்பாடே என்று 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அந்தக் கேசட்டை ஒரு கருவியில் பதிந்து, அதே வகையைச் சேர்ந்த இன்னொரு கருவியில் போட்டுப் பார்க்க முடிந்தது. கருவி பழுதானால் கருவிதான் போயிற்று, கேசட்டில் இருந்தவர்கள் போகவில்லை. படத்தின் தெளிவு பல மடங்கு கூடிவிட்ட இக்காலத்தில் அந்த எளிய உறுதி எங்களுக்கு ஏன் மறுக்கப்படுகிறது?

சொல்லத் தொடங்கினால் குறைகள் நீள்கின்றன. ஒரே ட்யூனர் உள்ள பெட்டியில் ஒன்றைப் பதிவு செய்யும்போது வேறு அதிர்வெண்ணில் வரும் சேனலைப் பார்க்க இயலாது என்பதை அட்டைப்பெட்டியின் மேல் நீங்கள் அச்சிடுவதில்லை. நேரலை நிகழ்ச்சி பத்து நிமிடம் நீண்டால், எந்த நிகழ்ச்சி இப்போது ஓடுகிறது என்ற தகவல் ஒளிபரப்போடு வந்துகொண்டிருக்கும்போதே, குறித்த மணிக்குப் பதிவை வெட்டிவிடும் பெட்டிகள் இருக்கின்றன. பதிவு வசதியையே சத்தமில்லாமல் கைவிட்ட மாடல்களும் வருகின்றன. இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டோம், இனியும் பொறுத்துக்கொள்வோம். பூட்டை மட்டும் பொறுக்க முடியவில்லை.

பணிவோடு மீண்டும் கேட்கிறேன். இலவசச் சேனல்களின் பதிவைப் பூட்டாதீர்கள். புதிய மென்பொருள் வழியாக இதைச் செய்ய முடிந்த பெட்டிகளுக்காவது செய்யுங்கள். அதுவரை, போர்டை மாற்றும்போது பழைய சாவியைப் புதிய போர்டுக்கு மாற்றித் தரும் வழியை உங்கள் சேவை மையங்களுக்குக் கொடுங்கள். அதுவும் இயலாதெனில், பதிவுகள் இப்பெட்டியோடு அழியும் என்பதை வாங்குமுன் கண்ணில் படும் எழுத்தில் அச்சிடுங்கள். அதை நான் அன்று படித்திருந்தால், யூஎஸ்பி ட்யூனரை அப்போதே வாங்கியிருப்பேன்.

அந்த ஹார்ட் டிஸ்கை நான் இன்னும் ஃபார்மட் செய்யவில்லை. உங்களில் எவருடைய பொறியாளராவது திறந்து தர முடியுமென்றால், நானே நேரில் கொண்டுவந்து தரக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்