அந்தக் கேள்விக்கு ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் உலக வரலாறு கேள்வி பதில் பக்கத்தை இங்கே மொரிஷியஸில் எங்கள் வீட்டில் எல்லோரும் விடாமல் படிக்கிறோம். போன இதழில் ஒரு வாசகர், "மொரிஷியஸை 158 வருஷம் ஆண்டது ஆங்கிலேயர், அப்புறம் ஏன் அங்கே பிரெஞ்சு இவ்வளவு புழங்குகிறது?" என்று கேட்டிருந்தார். அருமையான கேள்வி. "முன்பு பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டதால்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அது எப்படிப் பதிலாகும்? புதுச்சேரியையும்தான் பிரெஞ்சுக்காரர் ஆண்டார்கள், அங்கே தெருவில் தமிழ்தானே கேட்கிறது!

விஷயம் 1810 டிசம்பரில் இருக்கிறது. தீவு கைமாறியபோது போட்ட சரணடைவு ஒப்பந்தத்திலேயே, குடியிருப்பவர்களின் மதம், சட்டம், பழக்கவழக்கம் எதிலும் கைவைக்க மாட்டோம் என்று ஆங்கிலேயர் ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்கு அப்போது வேண்டியிருந்தது போர்ட் லூயி துறைமுகம். அங்கிருந்துதான், அரசு அனுமதியோடு எதிரிக் கப்பல்களைக் கொள்ளையடித்த பிரெஞ்சுக்காரர் சுர்கூஃப் மாதிரி ஆட்கள் கிளம்பிப்போய் இந்தியாவுக்குப் போய்வந்த ஆங்கிலேயர் கப்பல்களை மடக்கிக்கொண்டிருந்தார்கள். அதே வருஷம் பிடித்த பக்கத்துத் தீவான ரீயூனியனை 1814 ஒப்பந்தத்தில் பிரான்சுக்கே திருப்பிக் கொடுத்தார்களே, அதுவும் இதனால்தான், அங்கே அப்போது நல்ல துறைமுகம் கிடையாது.

ஆக, கவர்னர் ஆங்கிலேயர், தோட்ட முதலாளி பிரெஞ்சுக்காரர். 1834க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த நம் ஆட்கள் கரும்புத் தோட்டத்தில் தினமும் மாரடித்தது முதலாளியோடும் சர்தார் என்ற மேஸ்திரியோடும்தான், கவர்னரின் ஆங்கிலம் அவர்கள் காதில் விழ வழியே இல்லை, அதனால் தோட்டத்தில் புழங்கிய, பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழிதான் அவர்கள் வாயிலும் வந்தது.

இன்றைக்கும் இங்கே சொத்துத் தகராறு வந்தால் நெப்போலியன் காலத்திலிருந்து வந்த சிவில் சட்டம், கடைசி அப்பீல் மட்டும் லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு. பள்ளிக்கூடத்தில் புத்தகம் ஆங்கிலம், வாத்தியார் புரியவைப்பது கிரியோலில், வெளியே கடையில் வாங்கும் பேப்பர் பிரெஞ்சு. ரூபாய் நோட்டில் தொகை தமிழிலும் இருக்கும்!

இந்த மாதிரி கேட்பவர்கள் வருஷத்தை மனப்பாடம் செய்யவா கேட்கிறார்கள்? எப்படி இப்படி ஆனது என்று தெரியாமல் தூக்கம் வராதவர்கள் அவர்கள். இதழுக்குப் பத்துக் கேள்வி வேண்டாம், மூன்று போதும், ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் கொடுங்கள். அப்புறம், டச்சுக்காரர்கள் இந்தத் தீவுக்குப் பெயரும் வைத்துவிட்டு 1710இல் ஏன் விட்டுப் போனார்கள் என்று என் பேத்தி கேட்கிறாள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ரோஸ் ஹில், மொரிஷியஸ்