நார் கலந்த கான்கிரீட்: கம்பிக்கு மாற்று இல்லை

ஆசிரியருக்கு,

தேங்காய் நார், சணல் போன்றவற்றைக் கான்கிரீட்டில் கலப்பதை மனமார வரவேற்கிறேன். ஆனால் 'இனி இரும்புக் கம்பியே வேண்டாம்' என்று சிலர் சொல்வது ஆபத்தான பேச்சு. தூணுக்கும் உத்தரத்துக்கும் கம்பி வேண்டும். நாரின் வேலை வேறு. கலவை இறுகும் முதல் சில மணி நேரத்தில் ஈரம் வற்றுவதால் வரும் மயிரிழை வெடிப்புகளை அது இழுத்துப் பிடிக்கும். பிறகு வெடித்தாலும் சட்டென்று உடைந்து விழாது. தரைக்கும் பூச்சுக்கும் மெல்லிய பலகைகளுக்கும் இதுவே பெரிய உதவி.

உண்மையான சிக்கல் சிமென்ட்டின் காரத்தன்மைதான். காரத்தின் அளவைக் காட்டும் பிஎச் எண் 12-க்கு மேல் இருக்கும் அந்தச் சூழலில் நாரைப் பிணைத்து வைக்கும் லிக்னின், ஹெமிசெல்லுலோஸ் என்ற இயற்கைப் பொருள்கள் மெல்ல அரிக்கப்படும். நாருக்குள் சுண்ணாம்புச் சத்து படிந்து, அது வளையாமல் முறியத் தொடங்கும். சிமென்ட்டில் ஒரு பகுதிக்குப் பதிலாக ஃபிளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்), மெட்டாகயோலின் (சுட்ட களிமண் தூள்) சேர்த்தால் இந்தக் காரம் குறையும். அப்புறம், நார் தண்ணீரை உறிஞ்சும். முன்பே நனைக்காவிட்டால் கலவை வறண்டுவிடும். அளவு மிஞ்சினால் உருண்டை கட்டும்.

எனவே வார்த்த 28-ஆம் நாளில் செய்யும் வலிமைச் சோதனையை மட்டும் காட்டி இதை விற்கக் கூடாது. மாறிமாறி நனைத்தும் உலர்த்தியும் பார்த்த நீடிப்புச் சோதனையின் முடிவையும் தயாரிப்பாளர்கள் வெளியிட வேண்டும்.

– ஒரு வாசகர்