அண்ணனுக்கு: பூனையைக் கொடுத்துவிட்டேன்

அண்ணே,

அப்பா எலும்பும் சங்கும் சேர்த்துவைத்த கண்ணாடி அலமாரியைக் கொடுத்துவிட்டேன். அது எங்கே என்று நீ போனில் கேட்டபோது பேச்சை மாற்றினேன். ஸ்ரீவைகுண்டம் போகிற வழியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறது. ஊர்ப்பெயரை இங்கே எழுதவில்லை. டீச்சர் மேலிடத்துக்கு இனிமேல்தான் எழுத வேண்டுமாம். வீடு கைமாறுவதற்குள் அதை எங்காவது சேர்த்துவிடு என்று நீதானே சொன்னாய்? உன்னைக் கேட்காமல் சேர்த்ததற்கு மன்னித்துக்கொள். ஆனால் கேட்டிருந்தால் எழும்பூர் மியூசியம் என்பாய், நான் சண்டைக்கு வருவேன், அலமாரி இன்னும் திருநெல்வேலி மீனாட்சிபுரத்து வீட்டிலேயே கரையான் பிடித்துக் கிடக்கும்.

எழும்பூர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. 1851ல் மெட்ராஸ் இலக்கியச் சங்கம் கொடுத்த ஆயிரத்துச் சொச்சம் கல்லையும் கனிமத்தையும் வைத்துத் தொடங்கிய இடம் அது. முதலில் பொறுப்பில் இருந்த எட்வர்டு பால்ஃபர் ஒரு டாக்டர். கல்லைப் பார்க்க வருகிற கூட்டத்தைவிட உயிருள்ள மிருகத்தைப் பார்க்க வருகிற கூட்டம் பெரிது என்று புரிந்துகொண்டு, 1855ல் அந்த வளாகத்திலேயே மிருகக்காட்சி சாலையும் வைத்தார். பிறகு மிருகங்கள் வேறிடம் போயின. சென்னைக்காரர்கள் அதை உயிர் காலேஜ் என்றும் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றும் பிரித்துக்கொண்டார்கள். அப்பா நம்மை எழும்பூருக்குக் கூட்டிப்போனபோது, ரயில் மணியாச்சி தாண்டுவதற்குள் இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டார். நீ தூங்கிவிட்டாய், அதனால்தான் எழுதுகிறேன்.

மறுநாள் திமிங்கில எலும்புக்கூட்டுக்குக் கீழே எல்லாரும் அண்ணாந்து திமிங்கிலத்தைப் பார்த்தார்கள். அப்பா அதைத் தாங்குகிற இரும்பைப் பார்த்தார். எங்கே துளை, எங்கே கம்பி, எந்த முள்ளுக்குப் பின்னால் முடிச்சு என்று ஒரு மணி நேரம். அப்புறம் ஆதிச்சநல்லூர்ப் புதைகாட்டில் கிடைத்த சாமான் வைத்த பெட்டிகள். வெண்கலச் சாமான், நெற்றியில் கட்டுகிற மெல்லிய தங்கப் பட்டம். நம்ம ஊர்ச் சாமானைப் பார்க்க அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் வரணுமா என்று நான் கேட்டேன். அப்பா சொன்னார்: "இங்க இருக்கப் போய்த்தான் இருக்கு. ஊர்ல கெடந்திருந்தா எவனாவது உருக்கியிருப்பான்."

அந்தப் பதிலை இன்றைக்கும் என்னால் பாதிதான் ஒத்துக்கொள்ள முடிகிறது. 1876ல் ஜாகோர் என்ற ஜெர்மன்காரர் ஆதிச்சநல்லூரில் தோண்டியது பெர்லினுக்குப் போனது. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டியது சென்னைக்குப் போனது. மண்ணுக்குள்ளேயே வாழ்கிற, வால் மொண்ணையான ஒரு பாம்புக்கு நம் மாவட்டத்தின் பெயரையே ஆங்கிலத்தில் வைத்திருக்கிறார்கள். 1875ல் அதை அறிவியலுக்கு அறிமுகம் செய்த குந்தர் இருந்தது லண்டன் மியூசியத்தில். சரி, அவர்கள் எடுத்துப் போகாவிட்டால் நமக்குத் தெரிந்தே இருக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நல்லதெல்லாம் வெளியே இருந்தால்தான் பத்திரம் என்ற நினைப்பு நம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது அண்ணே. அம்மா உன்னைப் பற்றிச் சொல்லும்போதும் அப்படித்தான் சொன்னாள். எவன் இங்கே இருந்து உருப்பட்டான் என்று. இங்கேயே இருந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு மேல் இதைப் பற்றி வேண்டாம். மதினியும் வாசிப்பார்கள்.

அலமாரியைத் துடைக்கும்போது நம் பூனை செவலையின் எலும்புக்கூடு கையில் வந்தது. அதோடு வேலை நின்றுபோயிற்று.

பஸ்ஸில் அடிபட்டுக் கிடந்தவளைப் புதைக்க வேண்டும் என்று நீ அழுதாய். அப்பா சரி என்றார். கொசுவலைத் துணியில் சுற்றி, ஆற்று மணல் நிரப்பிய பானையில் வைத்துப் புழக்கடையில் புதைத்தார். நீ செம்பருத்திப் பூ வைத்தாய். துணி எதற்கு என்று எனக்குத் தெரியும், சின்ன எலும்பு சிதறிவிடாமல் இருக்கத்தான். உன்னிடம் சொல்லவில்லை. வெயில் காலம் வந்ததும் ஒரு நாள் நீ டியூஷன் விட்டு வந்தாய். கூடத்தில் தினத்தந்தி விரித்து அதன் மேல் செவலை, பெரிதிலிருந்து சிறிதுவரை வரிசையாக. பழைய பல்துலக்கியால் தேய்த்து, ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து எடுத்த வெள்ளை. நான் அடுக்களைக்குள் ஓடிவிட்டேன், நீ வீட்டை ரெண்டாக்கப் போகிறாய் என்று.

நீ கத்தவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாய். அப்பா நிமிர்ந்து பார்க்காமலே பாடம் எடுப்பது போலப் பேசினார். கழுத்தில் ஏழு எலும்பு, மனுசனுக்கும் ஏழுதான், ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழுதான். விலா எலும்பு மாட்டுகிற இடத்தில் பதின்மூன்று, நமக்குப் பன்னிரண்டு. இடுப்பில் ஏழு, நமக்கு ஐந்து. பிறகு ஒரு சீப்புப் பல் கனத்தில் வளைந்த ஒன்றை உன் உள்ளங்கையில் வைத்தார். காறை எலும்பு. நமக்கு அது தோளையும் நெஞ்சையும் இணைக்கிறது. பூனைக்கு எதோடும் ஒட்டாமல் சதைக்குள் சும்மா கிடக்கிறது, அதனால்தான் தலை நுழைகிற சந்தில் உடம்பும் நுழைகிறது. எலும்புக்கூடு கட்டுகிறவர்கள் முதலில் தொலைப்பது அதைத்தான் என்றார். "இவ அடுப்புச் சந்துல எப்படிப் போனான்னு கேட்பியே, இதான்." அன்றைக்கு ராத்திரி முழுக்க நீ கம்பியைப் பிடித்தாய், அவர் முறுக்கினார். உங்கள் இரண்டு பேரையும் அப்படி ஒன்றாக அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

காலையில் வாலின் கடைசி எலும்பைக் காணவில்லை. கூட்டிப் பெருக்கியது நான். தலையில் நறுக்கென்று குட்டு விழுந்தது. அடுத்த நாள் காம்பஸ் எடுக்க உன் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். புரொட்ராக்டருக்குக் கீழே பஞ்சில் இருந்தது. மூடி வைத்துவிட்டேன். அது உனக்கு ஏன் வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும், அதனால் சொல்லவில்லை. ஆனால் குட்டு வாங்கியது நான்தான் அண்ணே. நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பா வால் நுனியை எம்-சீலில் உருட்டிச் செய்து ஒட்டினார்.

அந்தக் காலத்தில்தான் கொக்கிரகுளத்தில் அறிவியல் மையம் புதிது. 1987ல் திறந்தார்கள். சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும், கலெக்டர் ஆபீஸ் பக்கம். பொத்தானை அமுக்கினால் பல்பு எரியும், பந்து உருளும், கண்ணாடியில் நாம் குட்டையாவோம். நீ வீட்டுக்கு வர மறுத்தாய். அப்பா வெளியே வந்து, "எல்லாம் சரி, ஒரு எலும்பு உண்டா?" என்றார். அவர் சொன்னது அநியாயம்தான். ஊர் ஊராகச் சேகரித்து வைக்கிற மியூசியம் இல்லை அது. ஒரு விதி எப்படி வேலை செய்கிறது என்று தொட்டுப் பார்க்கிற இடம். என் மகளும் அங்கே போய்த்தான் டைனோசர் பொம்மையோடு போட்டோ எடுத்துக்கொண்டாள். நீ என்ஜினியர் ஆனதில் அந்தப் பொத்தான்களுக்குப் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

அப்பா வேலை பார்த்த கல்லூரி விஷயத்தை இங்கே எழுதமாட்டேன். அங்கே படித்தவர்கள் பாதிப்பேர் இதை வாசிக்கிறார்கள். ஒன்று மட்டும். 2014ல் யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, விலங்கியல் வகுப்புகளில் அறுவையை நிறுத்தச் சொன்னது, தவளைகளுக்கு நல்லது. ஆனால் அதே சூட்டில் ஃபார்மலினில் உயிரினங்களை ஊறவைத்த பழைய பாட்டில்களையும் குப்பைக்குத் தள்ளியவர்கள் இருந்தார்கள். அப்பா அவற்றைச் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தபோது நீ என்ன சொன்னாய் என்று எனக்கு நினைவிருக்கிறது. உனக்கும் இருக்கும்.

வெள்ளத்தன்று, 2023 டிசம்பர் 18, தண்ணீர் கூடத்துக்குள் வந்தபோது நான் முதலில் மச்சுக்குத் தூக்கிப் போனது செவலையை. சிக்னல் கிடைத்த ஒரு நிமிடத்தில் நீ கேட்டது, "வீட்டுப் பத்திரம் நனையலையே?" உன் மேல் தப்பு இல்லை, யாரும் அதைத்தான் கேட்பார்கள். ஆனாலும் அந்தக் கேள்வி இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. ரயில் ஓட ஆரம்பித்ததும் நீதான் முதலில் வந்தாய். முழங்கால்வரை சேறு, கீழ்த்தட்டுப் பாட்டில்கள் உடைந்து ஃபார்மலின் வாடை, கண் எரிய எரிய நீ அள்ளினாய். உடைந்த பாட்டில்களுக்குள்ளிருந்து வந்த சீட்டுகளை வெயிலில் காயவைத்ததும் நீதான். அப்பா பென்சிலில் எழுதியது ஒரு எழுத்துகூட அழியவில்லை. பேனா மை ஃபார்மலினில் நிற்காது என்று அவர் தலைபாடாக அடித்துக்கொண்டது சும்மா இல்லை.

பள்ளிக்கூடத்துக்கு ஃபார்மலின் எதுவும் தரவில்லை, பயப்படாதே. பிழைத்த பாட்டில்களை அப்பாவை "சார்" என்று கூப்பிட்ட ஒரு பேராசிரியர் தன் துறைக்கு எடுத்துக்கொண்டார். பள்ளிக்குப் போனது எலும்புகள், மணப்பாடு கடற்கரையில் பொறுக்கிய சங்கு சிப்பிகள், தேரி மண் பாட்டில், அப்பாவின் சீட்டுகள். ஆதிச்சநல்லூரில் 2023ல் தாழிகளை எடுத்த இடத்திலேயே விட்டு, மேலே கண்ணாடி போட்டுத் தரையாக்கித் திறந்தார்களே, அதைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்குத்தான் நான் முடிவு செய்தேன். எழும்பூரில் செவலை பத்தாயிரத்தில் ஒன்றாகக் கிடங்கில் இருப்பாள், அதுவும் வாங்கினால். இங்கே ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் தினமும் கழுத்தெலும்பை எண்ணுகிறார்கள். விரல் படும், கம்பி தளரும், ஒன்றிரண்டு தொலையும். தொலையட்டும்.

வால் நுனி பொய் என்று டீச்சர் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். அசல் உன்னிடம் இன்னும் இருந்தால் கிரயத்துக்கு வரும்போது எடுத்து வா. இல்லையென்றால் வீணாகத் தேடி மதினியைத் தொந்தரவு செய்யாதே.

அலமாரி நல்ல தேக்கு என்று பழைய சாமான் கடைக்காரர் ஒரு விலை பேசினார். அந்த விலையை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். உன் பாதியை என் பங்கிலிருந்து கழித்துக்கொள்.

தங்கச்சி