துருவை வரைந்தேன்

அன்புள்ள பாப்பா,

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உன் நோட்டில் ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

கறுப்பு அட்டை போட்ட அந்தத் தடித்த நோட்டுதான். நீ அதை ஆர்ட் ஜர்னல் என்பாய். பஸ் டிக்கெட், சாக்லேட் தாள், புடவைக் கரை என்று கண்டதையும் ஒட்டி வைப்பதால் உன் அம்மா குப்பைத்தொட்டி என்பாள். போன மாதம் உன் தம்பி பயணப் பெட்டியைத் தேடி அலமாரியின் மேல்தட்டைக் கலைத்தபோது கீழே விழுந்தது. நீ எடின்பரோவுக்குப் போன நாளிலிருந்து, ஆறு ஆண்டுகளாக, மூன்று பெட்டிகளுக்கு அடியில் கிடந்திருக்கிறது. திறந்தேன். எழுத்து இருந்த பக்கங்களைப் படிக்காமல்தான் புரட்டினேன், நம்பு. நடுவில் இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தன. நான் இழுத்தேன்.

முப்பத்தைந்து ஆண்டுகள் பெயின்ட் வேலை செய்தவன் அப்படி இழுத்திருக்கக் கூடாது. அக்ரிலிக் காய்ந்துவிட்டது போலத்தான் தெரியும். ஆனால் அது ஒருவகைப் பிளாஸ்டிக், வெப்பம் பட்டால் இளகும். நம் சிங்கப்பூர்ப் புழுக்கத்தில், மேலே எடையும் ஏறினால், முகத்தோடு முகம் வைத்த இரண்டு பக்கங்களும் ஒன்றாகிவிடும். தட்டையான கத்தியை ஓரத்தில் நுழைத்து மெல்ல மெல்லப் பிரித்திருக்கலாம். கிழிந்த பிறகு வந்த ஞானம் இது.

வலப்பக்கத்தில் நம் பழைய அடுக்குமாடி புளோக்கை வரைந்திருந்தாய். சமையலறை ஜன்னலிலிருந்து நீட்டிய மூங்கில் கழிகளில் துணி காய்கிறது. அதில் வானம் இருந்த இடம், என் உள்ளங்கை அளவு, தாளின் மேல்தோலோடு உரிந்து எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டது. உரிந்த இடத்தில் தாள் பஞ்சு பஞ்சாக நின்றது. அதன் கீழோரத்தில் பெயின்ட் மட்டும் உரிந்து, அடியில் நீ பென்சிலில் எழுதிய ஒரு வரி தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

உன்னிடம் சொல்லாமல் நோட்டை மறுபடியும் மேல்தட்டில் வைத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். “கப்பலையே பூசியவருக்கு ஒரு காகிதத்தைப் பூசத் தெரியாதா?” என்றாள் உன் அம்மா. கேலிதான். ஆனாலும் உறைத்தது.

1980இல் செம்பவாங் கப்பல் பட்டறையில் சேர்ந்தபோது முதல் ஆறு மாதம் என் கையில் பிரஷ்ஷே கொடுக்கவில்லை. சுரண்டத்தான் விட்டார்கள். துருவையும் பழைய பூச்சையும் சுரண்டி, கிரிட் என்ற கரடுமுரடான துகளை அடித்து, இரும்பு வெளுத்துச் சொரசொரப்பான பிறகுதான் முதல் பூச்சுக்கு அனுமதி. அதையே இங்கும் செய்தேன். பஞ்சாக நின்ற தாளை விரலால் நீவிப் படிய வைத்தேன். சுற்றியிருந்த பெயின்டின் பளபளப்பை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். பிறகு ஜெஸ்ஸோ.

அதை வாங்க பிராஸ் பசா காம்ப்ளெக்ஸுக்குப் போனேன். புத்தகக் கடைகளுக்கு நடுவே நீ என்னை இழுத்துக்கொண்டு போவாயே, அங்கேதான். கடைக்காரப் பையன் ஒரு வெள்ளை டப்பாவை எடுத்துக் கொடுத்து அரைமணி நேரம் விளக்கினான். ஜெஸ்ஸோ என்றால் இத்தாலிய மொழியில் சுண்ணம், ஜிப்சம் என்று பொருளாம். அந்தக் காலத்தில் சுண்ணப் பொடியை விலங்குத் தோல் பசையில் குழைத்துப் பலகையில் பூசினார்களாம். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் ஜெஸ்ஸோ 1955இல்தான் வந்ததாம். என்னை விட மூன்று வயது மூத்தது என்று சொன்னேன், சிரித்தான். எனக்கு அது வெறும் பிரைமர்தான். பெயர் மட்டும் இத்தாலியிலிருந்து வந்திருக்கிறது.

முதல் தடவை சொதப்பினேன். கிழிந்த பள்ளத்தை நிரப்ப, சுவர் ஓட்டைக்கு வைக்கும் மக்கு வீட்டில் மிச்சமிருந்தது, அதையே அப்பினேன். காய்ந்ததும் அழகாகத்தான் இருந்தது. பக்கத்தைப் புரட்டியதும் ஓட்டுச் சில்லுப் போல வெடித்தது. சுவர் அசையாது, நோட்டுத் தாள் அசையும். கப்பல் தகடே அலையில் நெளியும், அதற்கேற்ற பெயின்ட்தான் அடிப்போம். அது தெரிந்த நான் காகிதத்துக்குச் சுவர் மக்கை வைத்தேன் பார். எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டு, மறுபடியும் பிராஸ் பசா போய் மாடலிங் பேஸ்ட் வாங்கினேன். அதிலும் கல்பொடிதான் இருக்கிறது, ஆனால் அக்ரிலிக்கில் குழைத்தது. காய்ந்த பிறகும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

இரண்டாவது தவறு மைதாப் பசை. ஊரில் சினிமா போஸ்டர் ஒட்டிப் பார்த்த பழக்கம். காயத்துக்குக் கட்டும் வலைத்துணியில் ஒரு துண்டைக் கிழிசலின் மேல் ஒட்டலாம் என்று அம்மாவிடம் மாவு கிண்டச் சொன்னேன். மறுநாள் காலையில் எறும்பு வரிசை. நல்லவேளை, பூஞ்சை பிடிக்கும் முன் எறும்பு காட்டிக்கொடுத்தது. ஈரமான ஊரில் மாவுப் பசை புத்தகத்துக்கு ஆகாது. மேட் மீடியம் என்ற பால் போன்ற திரவத்தையே பசையாகவும் மேல்பூச்சாகவும் வைத்துக்கொள்ளலாம் என்று உன் தம்பி சொன்ன பிறகுதான் தெரியும். வலைத்துணியை அதில் நனைத்து, இழைகளை அங்கங்கே இழுத்துக் கலைத்து, கிழிசலின் மேல் படிய வைத்தேன். இழை நேராக இருந்தால் கட்டுப் போட்ட புண் மாதிரி இருக்கும். கலைந்தால்தான் காற்று பட்ட துணி மாதிரி இருக்கும்.

அதற்கு மேல் மாடலிங் பேஸ்ட். தேக்கா சந்தையில் சின்ன வெங்காயம் கட்டிக் கொடுத்த சிவப்பு வலைப்பை இருந்தது. அதை விரித்து வைத்து, மேலே பேஸ்டைப் பழைய பேருந்து அட்டையால் இழுத்துவிட்டு, வலையைத் தூக்கினால் கட்டம் கட்டமாக மேடு நிற்கிறது. கோலத் தகட்டில் முயன்றேன், ஓட்டை சின்னது, பேஸ்ட் இறங்கவில்லை. அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் முறுக்கு அச்சின் நட்சத்திரத் தட்டை எடுத்து ஈரப் பேஸ்டில் அழுத்தினேன். மூன்று நட்சத்திரங்கள் விழுந்தன. உடனே கழுவி வைத்துவிட்டேன். நட்சத்திரத்தைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள். தீபாவளிக்குப் புது அச்சு வாங்க வேண்டுமாம்.

இதெல்லாம் புதுக்கலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பூஜை மாடத்தில் இருக்கும் உன் பாட்டியின் தஞ்சாவூர்க் கண்ணனைப் பார்த்ததும் வெட்கமாகிவிட்டது. பலகை, அதன்மேல் துணி, அதன்மேல் சுண்ணப் பூச்சு, அதன்மேல் மக்கு வைத்து உயர்த்திய நகை, அதன்மேல் தங்கத் தகடு. இதே வரிசை. தினமும் விளக்கேற்றும்போது பார்த்ததுதான்.

தங்கம் என்றதும் நினைவு வருகிறது. அடுத்த வீட்டுச் சீனப் பாட்டி ஏழாம் மாதத்தில் எரிக்கும் பொன்தாளில் ஒன்றைக் கேட்டுப் பார்த்தேன். சொரசொரப்பான தாளில் தங்கச் சதுரம், ஒட்டினால் எடுப்பாக இருக்கும். எதற்கு என்று விசாரித்தார். மகளின் நோட்டில் ஒட்ட என்றதும் கையை ஆட்டி மறுத்துவிட்டார். செத்தவர்களுக்கு அனுப்பும் பணத்தை உயிரோடிருக்கும் பிள்ளையின் புத்தகத்தில் வைப்பார்களா என்று திட்டு. பதிலுக்கு ஒரு தட்டு கொய்யாப்பழம் கொடுத்தார்.

காய வைப்பதுதான் பெரும்பாடு. பட்டறையில் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டினால் பெயின்டைத் திறக்க மாட்டோம். இரும்பின் சூடு, பனி படியும் நிலையை விடக் குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும் என்பது விதி. இங்கே விடியற்காலையில் ஈரப்பதம் 90ஐத் தாண்டுகிறது, பிற்பகலில் 60 அளவுக்கு இறங்குகிறது. அதனால் தினமும் சாப்பிட்டு முடித்து, ஒன்றரை மணிக்கு மேல்தான் வேலை. மின்விசிறியைத் தூரத்தில் வைத்தேன். உன் தம்பி சூட்டுக் காற்றுக் கருவியைக் கொண்டுவந்து பக்கத்தில் பிடித்தான். பேஸ்டின் மேல்தோல் காய்ந்து, உள்ளே ஈரம் கொப்புளமாக எழுந்தது. ஒரு கொப்புளத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன். அது ஏன் என்று சொல்கிறேன்.

வண்ணம் போட உட்கார்ந்தபோது உன் வானத்தை மறுபடி நீலமாக்கத்தான் நினைத்தேன். உன் நீலம் எனக்குக் கலக்க வரவில்லை. நான்கு முறை கலந்தேன், நான்கும் பள்ளிச் சட்டை நீலம். அப்போது அந்தக் கொப்புளம் கண்ணில் பட்டது. பெயின்டுக்கு அடியில் துரு கிளம்பும்போது அது இப்படித்தான் எழும். தட்டினால் உள்ளே பொலபொலவென்று இருக்கும். வாழ்நாள் முழுக்க அதைத்தான் தேடித் தேடி அழித்தேன். சரி, இந்த ஒரு தடவை அதை வரைந்து பார்ப்போம் என்று தோன்றியது.

பாப்பா, துருவை எனக்குத் தெரிந்த அளவுக்கு ஒரு ஓவியனுக்கும் தெரியாது. அது ஒரே பழுப்பு இல்லை. நடுவில் கருஞ்சிவப்பு, கிட்டத்தட்டக் கறுப்பு. சுற்றிலும் செங்கல் நிறம். விளிம்பில் மஞ்சள், புதிதாகப் பிடித்த இடத்தில் பளிச்சென்று ஆரஞ்சு. மேட்டில் தொடங்காது, பற்றவைப்புத் தையலிலும், முனையிலும், தண்ணீர் தேங்கும் பள்ளத்திலும் தொடங்கும். பிறகு மழைநீரோடு கீழே ஒழுகும். நீர்த்த வண்ணத்தை முதலில் விட்டேன். அது வலைத்துணி இழைகளுக்கு இடையிலும் கட்டங்களின் பள்ளத்திலும் இறங்கியது. மேட்டில் இருந்ததை ஈரத்துணியால் துடைத்தேன். காய்ந்த பிறகு, பிரஷ்ஷில் பெயின்டைத் தொட்டுக் காகிதத்தில் துடைத்துவிட்டு, ஏறக்குறைய வெறும் பிரஷ்ஷால் மேலே தடவினேன். மேடுகள் மட்டும் சாம்பல் நிறமாக எழுந்து வந்தன. மீன் தொட்டி மணலை மீடியத்தில் குழைத்து இரண்டு இடத்தில் வைத்தேன், தொட்டால் நிஜத் துரு போலவே நெருடுகிறது. நிஜ இரும்புத் தூளை வைத்து வினிகர் விட்டால் உண்மையாகவே துரு பிடிக்கும் என்றான் தம்பி. வேண்டாம் என்றுவிட்டேன். நிஜத் துரு நிற்காது, தாளையும் தின்னும்.

இப்போது உன் மூங்கில் கழிகளுக்கு மேலே வானம் இல்லை, ஒரு பழைய கப்பலின் பக்கவாட்டு இருக்கிறது. பழைய புளோக்கிலிருந்து கப்பல் தெரியாது என்று அம்மா சொல்கிறாள். தெரியாதுதான்.

எல்லாப் பக்கங்களுக்கும் நடுவில் கேக் சுடும் தாளை வெட்டி வைத்திருக்கிறேன், இனி ஒட்டாது. நோட்டைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். நீ அங்கே குளிர்காலத்தில் ஏதாவது வரைந்தால் ஜன்னல் ஓரத்தில் காய வைக்காதே. 10 டிகிரிக்குக் கீழே போனால் அக்ரிலிக் சரியாகச் சேராமல் பிற்பாடு வெடிக்கும்.

அந்தப் பென்சில் வரிக்கு வருகிறேன். படிக்கவில்லை என்று பொய் சொல்ல முடியாது, கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வேலை செய்தேன். ஆங்கிலத்தில் எழுதியிருந்தாய். ‘இந்த வீட்டில் எனக்கென்று ஒரு மேசை கிடையாது.’

கிடையாதுதான். மூன்றறை வீட்டில் பாட்டியோடு ஐந்து பேர். இரவுச் சாப்பாடு முடிந்து, சமையலறைத் தரை காய்ந்த பிறகு, தமிழ் முரசு நாளிதழை விரித்துப் போட்டுக் குனிந்து வரைந்துகொண்டிருப்பாய். தண்ணீர் குடிக்க வந்த நான் உன் நீலத்தில் கால் வைத்து, வீடு முழுக்கத் தடம் பதித்து, உன்னையே திட்டினேன். அந்த ஆண்டுதான் பெரிய டிவி வாங்கினோம்.

அந்த வரியின் மேல் ஜெஸ்ஸோ பூசவில்லை. மீடியம் பட்டால் பென்சில் கலையும் என்பதால், முதலில் பென்சிலைக் கலையாமல் பிடித்து வைக்கும் ஃபிக்ஸட்டிவ் தெளித்து, அது காய்ந்தபின் மெல்லிய பூச்சாக மேட் மீடியம் மட்டும் கொடுத்தேன். துரு அதற்கு ஒரு விரல் மேலேயே நின்றுவிடுகிறது. அதை மூட வேண்டும் என்று நினைத்தால் நீ மூடிக்கொள்.

டிவி இருந்த இடத்தில் இப்போது ஒரு மேசை இருக்கிறது. நான்கடி நீளம், இரண்டடி அகலம், மடக்குக் கால் இல்லை. நான் ஜன்னலை இடப்பக்கம் வைத்துப் போட்டேன். அக்கா இடக்கைக்காரி, வெளிச்சம் வலப்பக்கமிருந்து வர வேண்டும் என்று தம்பி சொல்லித் திருப்பிப் போட்டோம். அதனால் எனக்குத்தான் கொஞ்சம் நிழல் விழுகிறது.

டிசம்பரில் வருவதாக அம்மாவிடம் சொன்னாயாம். டிசம்பர் மழையில் பேஸ்ட் காயாது. முடிந்தால் பிப்ரவரியில் வா.

அன்புடன்,
அப்பா