காட்டுமாடு எங்கிருந்து வந்தது என்று கேட்டிருந்தாய்

கோத்தகிரி

அன்புள்ள முருகேசு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியதை எழுதினாயே தவிர, என்ன பேர் வைத்தீர்கள் என்று எழுதவில்லை. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலிதான், குளிர் ஏறினால் கூடவே அதுவும் ஏறும்.

நாம் பள்ளிக்கூடம் போன காலத்தில் காட்டுமாட்டைக் கண்ணால் பார்த்ததே அபூர்வம், இப்போது வீட்டு வாசலில் நிற்கிறதாமே என்று கேட்டிருந்தாய். நானும் இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். காடு அழிந்தது, அதனால் வந்தது என்று டீக்கடையில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதிதான். 1968-ல் முதுமலை, பந்திப்பூர் பக்கம் மாட்டு வெக்கை நோய் வந்து காட்டுமாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. வீட்டு மாட்டிலிருந்து போன நோய் அது. நாம் படித்த எழுபதுகளில் அவை குறைவாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். பிறகு ஊர் ஊராகத் தடுப்பூசி போட்டு, 2011-ல் அந்த நோயே உலகத்தில் இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். வேட்டைக்கும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடை போட்டது. நம் மாட்டைக் காப்பாற்றப் போட்ட ஊசி காட்டுமாட்டையும் காப்பாற்றியிருக்கிறது, யாரும் அதை நினைத்துப் போடவில்லை.

சரி, பெருகியது எங்கே மேயும்? மேலே ஊட்டிப் பக்கம் புல்வெளியாகக் கிடந்த மேடுகளைப் பார்த்திருக்கிறாய். டிசம்பர், ஜனவரியில் ராத்திரி குளிர்காற்று கனத்துச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தங்கிவிடும். தலைகுந்தாவில் விடியற்காலை புல் வெளுத்துக் கிடப்பது அதனால்தான். சோலைக் காட்டு மரத்தின் கன்று திறந்த வெளியில் அந்த உறைபனியில் கருகிப்போகும். அதனால் சோலை மலை மடிப்புகளுக்குள்ளேயே நின்றது, வெளியெல்லாம் புல்லாகவே இருந்தது, வரையாடு அதை நம்பிப் பிழைத்தது. வெள்ளைக்காரன் கொண்டுவந்த சீகை (வாட்டில்) மரத்துக்கு இந்தப் பனி ஒரு பொருட்டே இல்லை. தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று சுதந்திரத்துக்குப் பிறகும் நாமே மலைமலையாக நட்டோம். வெட்டினாலும் விடாது, விதை பல வருஷம் மண்ணில் கிடந்து, தீ பட்டால் மொத்தமாக முளைக்கும். நிழல் கட்டினால் அடியில் புல் போச்சு. நம் ஊர்ப் பக்கம் இருந்த புல்மேடு பெரும்பாலும் தேயிலையாகிவிட்டது. அதிலும் இப்போது ஆள் இல்லாமல் கொழுந்தெடுக்காமல் விட்ட தோட்டங்கள் புதர் மண்டிக் கிடக்கின்றன. காட்டுமாட்டுக்குப் பகலில் படுக்க அதைவிட நல்ல இடம் வேண்டுமா? ராத்திரி கேரட் தோட்டம் பக்கத்திலேயே.

ஆள் ஏன் இல்லை என்று உனக்குச் சொல்லவே வேண்டாம், திருப்பூரில் உட்கார்ந்துதானே இதைப் படிக்கிறாய்.

போன ஆடி மாதம் ஒன்றைக் கவனித்தேன். மூன்று வாரம் சூரியனையே காணோம், மேகம் தரையோடு இழைந்துகொண்டிருந்தது. இளங்கொழுந்தைத் திருப்பிப் பார்த்தால் எண்ணெய் பட்ட காகிதம்போல ஒரு சின்ன வட்டம். சில நாளில் அதே இடம் மேலே குழிந்து, அடியில் வெள்ளையாக உப்பி வெல்வெட்டாக நிற்கும். கொப்புள நோய். இலை நனைந்தே இருந்தால்தான் அந்தப் பூஞ்சை உள்ளே இறங்கும். நாலு நாள் நல்ல வெயில் அடித்தால் அடங்கிவிடும். முற்றிய இலையைத் தொடாது, நாம் பறிக்கிற கொழுந்துதான் அதற்கும் வேண்டும். அதே தோட்டத்தில் பங்குனியில் மழை பொய்த்தால் சிவப்பு சிலந்தி வந்து இலையைச் செம்புநிறமாக்கிவிடும், ஒரு பெருமழை பெய்தால் கழுவிக்கொண்டு போகும். ஈரத்துக்கு ஒன்று, வறட்சிக்கு ஒன்று. வானம்தான் காரணமா, பூச்சி பூஞ்சைதான் காரணமா என்று பிரித்துச் சொல்லவே முடிவதில்லை.

இதைப் பேசும்போது நம் கதையும் ஞாபகம் வருகிறது. சிலோனில் முதலில் காப்பிதானே. 1869-ல் இலைத்துரு நோய் வந்தது, அதுவும் பூஞ்சைதான். ஈர மலை, கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பயிர், இருபது வருஷத்தில் காப்பியைத் துடைத்துவிட்டது. துரைமார் தேயிலைக்கு மாறினார்கள். காப்பிக்குப் பழம் பறிக்கிற பருவத்தில் ஆள் போதும், நம் சனங்கள் தமிழ்நாட்டிலிருந்து போய்விட்டு ஊர் திரும்பினார்கள். தேயிலைக்கு வருஷம் முழுக்கக் கை வேண்டும். அப்போதுதான் குடும்பம் குடும்பமாக லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், தங்கியது. அப்படித் தங்கியவர்களைத்தான் 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கணக்குப் போட்டுப் பிரித்தார்கள்; ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு. நீயும் நானும் தலைமன்னாரில் கப்பல் ஏறினது அந்தக் கணக்கில்தான். நமக்கு வேலை கொடுக்கவென்று இங்கே அரசாங்கம் காட்டை வெட்டித் தேயிலை நட்டது. நம் லயம் இருந்த இடத்தில் அதற்கு முன்னால் என்ன மேய்ந்தது என்று நாம் அப்போது கேட்கவில்லை. காட்டுமாடு நம் இடத்துக்கு வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் கத்தும்போது எனக்குச் சிரிப்பதா சேர்ந்து கத்துவதா என்று தெரிவதில்லை. ஆனால் அவருடைய தம்பியைப் போன வருஷம் ஒன்று முட்டி விலா எலும்பு உடைந்தது, அதனால் சிரிக்கவில்லை.

மே மாதம் வருவதாக எழுதியிருக்கிறாய். குஞ்சப்பனை வழியாக வந்தால் இருட்டுவதற்குள் மேலே ஏறிவிடு. வளைவில் மாடு நின்றால் ஹாரன் அடிக்காதே, இறங்கிப் போட்டோவும் எடுக்காதே, வண்டியை நிறுத்தி விளக்கைத் தாழ்த்தினால் அதுவே போய்விடும். வரும்போது அம்மாவுக்கு முழுக்கை பனியன் இரண்டு எடுத்து வா. பேத்தி பேரையும் மறக்காமல் எழுது.

அன்புடன்,
சேகர்