ஓட்டுநர் குடும்ப மன்றம்: செயலாளரின் 2024-25 ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன், அதில் சொல்ல அதிகமில்லை. சந்தா முக்கால்வாசிப் பேர் கட்டிவிட்டார்கள், கட்டாதவர்கள் யாரென்று அவர்களுக்கே தெரியும். ஆயுத பூஜை, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் எல்லாம் வழக்கம்போல. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். புதிதாக வந்த செலவு ஒன்றே ஒன்றுதான், மனநல ஆலோசகருக்குக் கொடுத்த பணம். "ரயில் ஓட்டுறவனுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று சென்ற கூட்டத்தில் இரண்டு பேர் கேட்டார்கள். இனி வருவதெல்லாம் அதற்கான பதில்.

நம்மில் ரன் ஓவர், அதாவது நம் வண்டியில் ஆள் அடிபடுவதை, பார்க்காதவர் யார்? அகலப்பாதையில் ஆளில்லா கேட்டுகளை 2019 ஜனவரிக்குள் ஒழித்துவிட்டார்கள், அந்த ஒரு பயம் போனது. ஆனால் தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பவர்களும், வேண்டுமென்றே வந்து நிற்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். வண்டியை நிறுத்தி, கார்டுக்கு வாக்கி டாக்கியில் சொல்லி, கூட வரும் துணை ஓட்டுநர் அசிஸ்டெண்ட் இறங்கிப் போய்ப் பார்த்து, அடுத்த ஸ்டேஷனில் நடந்ததை எழுதி மெமோ கொடுத்து, பல நேரம் அதே வண்டியை அதே கையால் கடைசி வரை ஓட்டிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு ஓட்டுநர் ஓய்வறையான ரன்னிங் ரூமில் போய்ப் படுக்கிறோம். தூக்கம் வருமா?

ஜூன் மாதம் நம் உறுப்பினர் ஒருவருக்கு அப்படி நடந்தது. இதை அவரிடம் காட்டி, பெயர் மட்டும் வேண்டாம் என்று அவர் சொன்ன பிறகே எழுதுகிறேன். அந்த வாரக் கூட்டத்தில் அவரை நடுவில் உட்காரவைத்து, "மனசுல இருக்கறத கொட்டிடுங்க, லேசாயிடும்" என்று அத்தனை பேர் முன்னால் சொல்லச் சொன்னது நான்தான். நல்லது செய்வதாக நினைப்பு. அவர் பாதியில் எழுந்து வெளியே போய் வாந்தி எடுத்தார், அதன்பின் மூன்று மாதம் மன்றத்துப் பக்கமே வரவில்லை. நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட மன முதலுதவிக் கையேட்டிலேயே இருக்கிறதாம். பக்கத்தில் இரு, சாப்பிட்டாரா பார், வீட்டில் கொண்டுபோய் விடு, அவராகப் பேசினால் கேள். இவ்வளவுதான் முதல் நாள் வேலை. எனக்கு இது தெரிந்தது செப்டம்பரில்.

அப்போதுதான் அவர் மனைவி என் வீட்டுக்காரியிடம் வந்து அழுதார். தூக்கத்தில் பிரேக் போடுவதுபோல் கையை இழுக்கிறாராம், கறி வேகும் வாசம் வந்தால் எழுந்து தெருவுக்குப் போய்விடுகிறாராம், தூங்குவதற்காகக் கொஞ்சம் குடிக்கவும் ஆரம்பித்திருந்தார். வேலைக்குக் கையெழுத்துப் போட்டு சைன் ஆன் செய்யும்போதே குடித்திருக்கிறோமா என்று ஊதிக் காட்ட வேண்டிய வேலையில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லத் தேவையில்லை. முதல் ஒரு மாதம் இப்படியெல்லாம் இருப்பது இயல்பு, பெரும்பாலோருக்குத் தானாக அடங்கிவிடும், மாதம் தாண்டியும் நீடித்தால்தான் கவனிக்க வேண்டும் என்றார் ஆலோசகர். இவருக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது. ஏன் யாரிடமும் போகவில்லை என்று கேட்டால், "மெடிக்கல்ல அன்ஃபிட் ஆக்கிட்டா கிலோமீட்டர் அலவன்ஸ் போயிடுமே" என்கிறார், வண்டி ஓட்டிய தூரத்துக்குக் கிடைக்கும் படி அது. வீட்டுக் கடனை யார் கட்டுவது? அதனால்தான் வெளி ஆலோசகர், மன்றத்தின் செலவில், யார் போகிறார் என்ற விவரம் எனக்கும் பொருளாளருக்கும் மட்டும்.

மொத்தம் பன்னிரண்டு முறை போனார், நடுவில் இரண்டு தடவை இது வேண்டாம் என்று நின்றும்விட்டார். ஆலோசகர் அறிவுரை ஏதாவது சொல்லியிருப்பார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி ஒன்றுமில்லை. "நான்தான் கொன்னேன்" என்று இவர் விடாமல் சொன்னபோது ஒரு தாளைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்லியிருக்கிறார். மணிக்கு 110 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 30 மீட்டர். வளைவு தாண்டி ஆளைப் பார்த்தது 200 மீட்டரில். ஏழு வினாடிகூட இல்லை. முழு நீள வண்டி எமர்ஜென்சி பிரேக் போட்டாலும் நிற்க ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆகும். புதுப் பையன்களுக்கு வருடக்கணக்காக இவர் சொல்லிக்கொடுக்கிற கணக்கு இது, தனக்கென்று ஒருநாளும் போட்டுப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாராம். அப்புறம் படிப்படியாக, பிளாட்பார முனையில் நின்று ஹாரன் கேட்பது, பயணியாக அந்த வளைவைக் கடப்பது என்று போய், பிப்ரவரியில் மறுபடி வண்டி எடுத்தார். அந்த இடம் வந்தால் இப்போதும் நெஞ்சு அடிக்கிறதாம். ஆனால் தூங்குகிறார், குடியும் இல்லை.

இதில் எங்கள் எல்லாருடைய புத்திக்கும் எட்டாத ஒன்று உண்டு. அன்று இறங்கிப் பின்னால் நடந்துபோய்ப் பார்த்தது அசிஸ்டெண்ட். வடக்கத்திப் பையன், இங்கே சொந்தம் என்று யாருமில்லை, தமிழும் அரைகுறை. அவனை ஒருவரும் கேட்கவில்லை. டிசம்பரில் அவனே டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416-க்கு அடித்திருக்கிறான். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசு சேவை, இலவசம், இரவு பகல் எந்நேரமும் பேசலாம், இந்தியிலும் பேசுவார்கள். இந்த எண்ணை அவன்தான் எனக்குச் சொன்னான், நான் அவனுக்குச் சொல்லவில்லை. இப்போது அவனும் அதே ஆலோசகரிடம் போகிறான்.

எல்லாருக்கும் இது உதவியது என்று சொல்ல மாட்டேன். ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் ஒரே தடவை போய்விட்டு, இருபது வருடத்துக்கு முந்தியதைக் கிளற வேண்டாம் என்று நிறுத்திக்கொண்டார். சரி, அது அவர் விருப்பம்.

வரும் ஆண்டுக்கு ஒரே வேலைதான். ரன் ஓவர் ஆகி வருகிறவர் வேலை முடிந்து சைன் ஆஃப் செய்யும்போது, அந்தக் கையெழுத்துப் போடும் லாபியில் ஒருவர் நின்று, டீ வாங்கிக்கொடுத்து, வீடோ ரன்னிங் ரூமோ அதுவரை கூடப் போக வேண்டும். ஓட்டுநர், அசிஸ்டெண்ட் இரண்டு பேருக்கும். கேள்வி எதுவும் கேட்கக் கூடாது, முக்கியமாக என்னைப் போல. அதற்கு ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். புதன், சனி இரவுகளுக்கு இன்னும் ஆள் இல்லை, கூட்டம் முடிந்ததும் வந்து பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.