சீலிங்கில் இருக்கும் அந்த மூடியில் கை வைக்காதே

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகளுக்கு,

வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். சீலிங்கோடு ஒட்டி வெள்ளையாக ஒரு வட்ட மூடி. அது ஸ்பிரிங்க்ளர் மூடி, நெருப்புப் பிடித்தால் தானாகத் தண்ணீர் பீச்சுகிற குழாய்த்தலை அதற்குள் இருக்கிறது. செத்தல் மிளகாய் தாளித்தால் புகைக்குத் தண்ணீர் கொட்டிவிடும், பொலித்தீனால் சுற்றிக் கட்டட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் மகள். பொலித்தீனும் வேண்டாம், வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கும்போது அதன்மேல் பிரஷ்ஷும் படவேண்டாம்.

ஸ்பிரிங்க்ளருக்குப் புகை தெரியாது, சூடு மட்டும்தான் தெரியும். அந்த மூடியைப் பற்றாசு, அதாவது சூட்டில் இளகுகிற உலோக ஒட்டு, வைத்துத்தான் பிடித்திருப்பார்கள். கீழே நெருப்புப் பிடித்துச் சீலிங் சூடேறினால் பற்றாசு இளகி மூடி கழன்று விழும். உள்ளே இருக்கும் தலையில் பெரும்பாலும் ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ், அதற்குள் கொஞ்சம் திரவம். சிவப்புக் குமிழ் என்றால் 68 பாகை செல்சியஸில் திரவம் விரிந்து கண்ணாடி உடையும். அப்போதுதான் தண்ணீர் வரும், அதுவும் சூடு பட்ட அந்தத் தலையில் மட்டும். படங்களில் காட்டுகிற மாதிரி வீடு முழுக்க மழை பெய்யாது. பெயின்ற் பட்டால் மூடி சீலிங்கோடு ஒட்டிக்கொள்ளும், விழவேண்டிய நேரத்தில் விழாது. உன் தாளிதத்துக்குக் கத்தப்போவது புகை அலாரம், அது வேறு சாமான். குசினிக்குள் சூட்டுக்குக் கத்துகிற அலாரம் பூட்டுவதுதான் தோது. இருக்கிறதா என்று பார்.

நீ இருக்கிற வேல்ஸில் 2016 ஜனவரியிலிருந்து புதிதாகக் கட்டுகிற வீடுகளுக்கெல்லாம் ஸ்பிரிங்க்ளர் கட்டாயம். நல்ல சட்டம். மரச்சட்டத்தில் பலகை அடித்த வீட்டுக்கு வேண்டியதுதான். இதைக் கேட்டுவிட்டு உன் தம்பி, இங்கே கட்டுகிற மேல்மாடிக்கும் பூட்டுவோமா என்கிறான். தண்ணீர்த் தாங்கி கூரையில் இருக்கிறது, 10 மீற்றர் உயரத்துக்கு 1 பார் அழுத்தம்தான். இரண்டு மூன்று மீற்றர் உயரத்தில் இருந்து வரும் தண்ணீர் குளிக்கக் காணும், ஸ்பிரிங்க்ளருக்குக் காணாது. பம்ப் வைத்தால் நெருப்பு நேரத்தில் முதலில் போவதே கரண்ட்தான். அந்தக் காசை வயரிங்கில் போடு என்று சொல்லிவிட்டேன். கொங்கிறீற் போடமுதல் வயர் போகிற பைப் ஓடவேண்டும், ஏசிக்குத் தனி லைன். மேசன் அவசரப்படுத்துகிறான், நான் விடவில்லை.

உன் வீட்டில் எனக்குக் கவலை அந்த ஹீற்றரைப் பற்றித்தான். அங்கேயும் இங்கேயும் 230 வோல்ட், அதே 13 ஆம்பியர் சதுரப் பின். பெருக்கிப் பார்த்தால் ஒரு பிளக் பொயின்ற் ஏறக்குறைய 3000 வாற்ஸ்தான் தாங்கும். உன் கேத்தல் ஒன்றே 3000, ஹீற்றர் 2000. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் கோட்டில் குத்தினால் 21 ஆம்பியருக்கு மேலே போகும். பியூஸில் 13 என்று எழுதியிருந்தாலும் அது உடனே போகாது, கொஞ்சம் கூடின கரண்டை நெடுநேரம் தாங்கிக்கொண்டிருக்கும். அவ்வளவு நேரமும் வயர் சூடாகும். சுருட்டி வைத்த கோட் என்றால் இன்னும் மோசம், சூடு வெளியேற வழியில்லை. ஹீற்றரை நேரே சுவர் பிளக்கில் குத்து.

"ட்ரிப் சுவிச் இருக்குதுதானே அப்பா" என்பாய். ஊரில் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிச் கரண்ட் கசிந்தால் விழும், ஆளைக் காக்க வந்தது. பிரேக்கர் கரண்ட் கூடினால் விழும், வயரைக் காக்க வந்தது. பிளக்கில் வயரை இறுக்குகிற ஆணி இளகினால் அது இரண்டுக்கும் தெரியாது. கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டில் வொஷிங் மெஷின் பிளக்கைக் கழற்றினேன். உப்புக் காற்றில் செம்பு பச்சை பிடித்து, நியூட்ரல் ஆணி விரலாலேயே சுழன்றது. அதைச் சுற்றிப் பிளாஸ்ரிக் கருகி, வயர்த் தோல் அப்பளம் மாதிரி பொரிந்து கிடந்தது. பிரேக்கர் ஒருநாளும் விழவில்லையாம். சூடேறின பிளாஸ்ரிக் சில நேரம் மீன் நாற்றம் நாறும். நம்மூரில் மீன் நாறினால் யார் பிளக்கைப் பார்க்கப் போகிறார்கள்! உனக்கு அந்தக் குழப்பம் இல்லை. மீன் வாங்காத நாளில் மீன் நாறினால் மெயினை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடு.

படுக்கப் போகும்போது அறைக்கதவுகளைச் சாத்திவிட்டுப் படு. பிள்ளைகளின் அறையும்தான். ஸ்பிரிங்க்ளர் வால்வு எங்கே என்று பார்த்து வை, மூடிவிடாதே.

ரீவிக்குப் பின்னாலே இருக்கிற கோட்டையும், மீற்றருக்குப் பக்கத்துப் பெட்டியை மூடி திறந்தபடியும் ஒரு படம் எடுத்து அனுப்பு. வெளிச்சத்தில் எடு, முந்தி ஒருமுறை அனுப்பினதில் உன் விரல்தான் தெரிந்தது.

அன்புடன்,
அப்பா